டிரம்பெட் வால்வில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்

வணக்கம் சார். மார்கழிக் காலையில் பள்ளி பேண்டின் டிரம்பெட் வால்வுகள் அமுக்கினால் மேலே வருவதில்லை, பிள்ளைகள் தேங்காய் எண்ணெய் விட்டும் சரியாகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வினையே அந்த எண்ணெய்தான். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மூன்று பிஸ்டன்களையும் (வால்வுக்குள் மேலும் கீழும் போய்வரும் உருளைகள்) கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து (கொதிநீர் வேண்டாம், மேல்பூச்சு உரியும்), வால்வு எண்ணெய் (வால்வுக்கென்றே விற்கும் மெல்லிய எண்ணெய்) மூன்று நான்கு சொட்டு விட்டுப் போடச் சொல்லுங்கள். பிஸ்டனில் பெரும்பாலும் 1, 2, 3 என்று பொறித்திருக்கும். என் மாணவன் ஒருவன் இடம் மாற்றிப் போட்டுவிட்டு, காற்றே போகாமல் கன்னம் சிவக்க ஊதிக்கொண்டிருந்தான்! அப்புறம், டிபன் சாப்பிட்ட வாயோடு ஊத விடாதீர்கள், கொப்பளித்துவிட்டு வரட்டும். மவுத்பீஸ் (உதட்டை வைத்து ஊதும் முனை) கழற்ற வராமல் சிக்கினால் குறடு மட்டும் வேண்டவே வேண்டாம், குழாய் முறுக்கிக்கொள்ளும்.