மூளையின் காவல் செல்களே மூளையைக் கெடுக்குமா?

அல்சைமர் போன்ற நோய்களில் மூளையின் நோய் எதிர்ப்பு செல்கள் காப்பாற்றுகின்றனவா, கெடுக்கின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான், நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மைக்ரோகிளியா என்கிற இந்த செல்கள் கருவிலேயே, அதோடு ஒட்டிய மஞ்சள்கருப் பையிலிருந்து மூளைக்குள் வந்து குடியேறி, அங்கேயே பெருகி வாழ்பவை. சும்மா இருக்கிறபோதும் கிளைகளை நீட்டிச் சுற்றிலும் துழாவிக்கொண்டே இருக்கும்; இறந்த செல், அமிலாய்டு படிவு (அல்சைமரில் மூளையில் சேரும் புரதக் குவியல்), எது கிடைத்தாலும் விழுங்கப் பார்க்கும். ஆனால் அந்தப் படிவு கரையாமல் வருடக்கணக்கில் கிடந்தால் இவை அடங்குவதே இல்லை. இன்டர்லூக்கின்-1 பீட்டா, டிஎன்எஃப் மாதிரி அழற்சிப் பொருள்களை விடாமல் கக்கும், பக்கத்தில் இருக்கிற ஆஸ்ட்ரோசைட்டுகள் என்கிற துணை செல்களையும் தூண்டிவிடும், அப்புறம் காம்ப்ளிமென்ட் என்கிற, அகற்ற வேண்டியதை அடையாளம் காட்டும் நோய் எதிர்ப்புப் புரதம் ஒட்டிய நரம்பிணைப்புகளையும் தின்றுவிடும் (இதை எலிகளில் நன்றாகவே பார்த்திருக்கிறார்கள்).

சரி, அழற்சியை அடக்கினால் போதுமே? நாப்ராக்ஸன், செலிகாக்சிப் என்கிற அழற்சி அடக்கும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள், அல்சைமரைத் தடுக்க முடியவில்லை. எனக்கு அதில் பெரிய வியப்பில்லை, ஏனென்றால் இந்த செல்களின் வேலை குறைந்தாலும் ஆபத்துதான். டிரெம்2 மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தால் இந்த செல்களின் வேலை மந்தமாகிறது, அப்படிப்பட்டவர்களுக்கு அல்சைமர் ஆபத்து கூடுதல் என்று 2013-லேயே தெரிந்துவிட்டது.