அடுத்தவர் மனசு புரியவில்லையா, அந்தப் பேச்சே காதில் விழவில்லையா?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது முடிந்து 2 மாதம் ஆகிறது. பிறவியிலேயே காது கேட்காது. 2 வயது 9 மாதத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் (உள்காதில் ஆபரேஷன் செய்து வைக்கும் கேட்கும் கருவி) செய்தோம். இப்போது நன்றாகப் பேசுகிறான், பொருள்களின் பெயரெல்லாம் சொல்கிறான். ஆனால் கண்ணாமூச்சி ஆடினால் ஒளிந்த உடனே “இங்க இருக்கேன்” என்று கத்துகிறான். தங்கையின் பிறந்தநாளுக்கு ஒளித்து வைத்த கவுனை அவளிடமே எடுத்துக் காட்டிவிட்டான். யூகேஜி மிஸ், “அடுத்த பிள்ளைங்க மனசு இவனுக்குப் புரியல, ஆட்டிசம் இருக்கான்னு பாருங்க” என்கிறார். மாமியாரோ “கல்நெஞ்சுக்காரன்” என்கிறார். இதற்கு டெஸ்ட் உண்டா? சைகை காட்டிப் பேசினால் பேச்சு வராது என்கிறார்களே, அது உண்மையா?
– ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: மிஸ் மேல் கோபப்படாதீர்கள். அவர் கவனித்தது சரிதான். அதற்கு ஒரு பெயர் வைப்பதில்தான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.

ஒரு கணக்குப் போடுவோம். ஆபரேஷன் முடிந்த அன்றே காது கேட்டுவிடாது. புண் ஆறி, மூன்று நான்கு வாரம் கழித்து, வெளி மெஷினை மாட்டி சுவிட்ச் ஆன் செய்த நாளில்தான் உங்கள் பையன் உலகத்தின் சத்தத்தைக் கேட்க ஆரம்பித்தான். அன்றிலிருந்து எண்ணினால் அவனுடைய ‘கேட்கும் வயது’ இரண்டரைகூட ஆகவில்லை. இரண்டரை வயதுக் குழந்தை கவுனைக் காட்டிக்கொடுத்தால் எல்லோரும் சிரிப்போம். இவன் ஆள் வளர்ந்துவிட்டதால் கல்நெஞ்சு என்கிறோம். ‘எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது, அவள் தப்பாகக்கூட நினைத்துக்கொண்டிருக்கலாம்’ என்பது காது கேட்கும் குழந்தைகளுக்கே பெரும்பாலும் 4 வயதுக்கும் 5 வயதுக்கும் நடுவில்தான் பிடிபடுகிறது.

அது எப்படிப் பிடிபடுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நீங்கள் அடுப்படியில் நின்றுகொண்டு, “அக்கா வீட்ல இருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டுப் போனேன், வீடு பூட்டிக் கிடக்குது” என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்கிறீர்கள். தரையில் விளையாடிக்கொண்டிருக்கும் தங்கச்சிக்கு அந்த ஒரு வாக்கியமே ஒரு பாடம். அம்மா ஒன்று நினைத்தாள், நடந்தது வேறு. தமிழில் ‘நெனச்சுக்கிட்டேன்’ என்று ஆரம்பித்தாலே பாதி நேரம் அந்த நினைப்பு தப்பாகிப் போன கதைதான். ‘வந்தாராம்’ என்கிறோமே, அந்த ‘ஆம்’ இது நான் பார்த்ததில்லை, யாரோ சொன்னது என்று காட்டிவிடும். இப்படி அடுத்தவர் மனசைப் பற்றிய சேதி முழுக்க வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபேன் சத்தம், குக்கர் விசில், மொசைக் தரையில் எதிரொலி, அம்மாவின் முகம் அடுப்புப் பக்கம். இம்பிளான்ட் போட்ட பிள்ளைக்கு முதலில் நழுவுவது இந்த வால்தான். தன்னைக் கூப்பிட்டுச் சொன்னது மட்டும் அவனுக்கு வந்து சேர்கிறது. காற்றோடு வந்து காதில் விழுவது அவ்வளவாக வருவதில்லை.

நான் ஊகமாகச் சொல்லவில்லை. 1995-ல் ஆஸ்திரேலியாவில் பீட்டர்சன், சீகல் என்ற இரு ஆய்வாளர்கள், காது கேட்காத பிள்ளைகளில் 8 வயது தாண்டியவர்களில்கூடப் பலர் இந்த இடத்தில் தடுமாறுவதைக் காட்டினார்கள். ஆனால் காது கேட்காத, சைகை மொழி பேசும் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தத் தாமதம் இல்லை என்பது அப்புறம் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. அவர்களுக்கும் காது கேட்காதுதான். ஆனால் பிறந்த நாளிலிருந்தே வீட்டுப் பேச்சு முழுவதும் அவர்கள் கண்ணுக்குக் கிடைத்தது.

சரி, டெஸ்டுக்கு வருவோம். 1983-ல் ஆஸ்திரியாவில் இருந்து வந்த கதை ஒன்று இதில் பிரபலம். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? ‘முதலில் வைத்த இடத்தில்’ என்றால் பாஸ். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்தக் கதையையும் கேள்வியையும் புரிந்துகொள்ளவே நிறைய மொழி வேண்டும். இம்பிளான்ட் போட்ட குழந்தை தவறாகச் சொன்னால் மனசு புரியவில்லையா, கேள்வி புரியவில்லையா?

என்னிடம் வந்த ஒரு சிறுமிக்கு அப்போது 6 வயது. தீப்பெட்டியைக் காட்டி உள்ளே என்ன என்றேன். “குச்சி.” திறந்தால் புளியங்கொட்டை. விழுந்து விழுந்து சிரித்தாள். மூடிவிட்டு, “வெளிய இருக்கிற பாட்டி இதைப் பார்க்கல. உள்ள என்ன இருக்குன்னு பாட்டி நெனைப்பாங்க?” என்றேன். “பாட்டி பஸ்ல வந்தாங்க” என்றாள். ‘நெனைப்பாங்க’ என்ற சொல்லே அவளிடம் இல்லை. பிறகு பாட்டியைப் படமாக வரைந்து, தலைக்கு மேல் மேகம் போல ஒரு வட்டம் போட்டு, குச்சிப் படத்தையும் புளியங்கொட்டைப் படத்தையும் நீட்டினேன். குச்சியை எடுத்து வட்டத்துக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். முதல் பதிலோடு நிறுத்தியிருந்தால் அவள் ஃபைலில் நான் தப்பாக எழுதியிருப்பேன்.

அதனால் சோதிப்பவர் படமும் பொம்மையும் வைத்துச் சோதிக்கிறாரா என்று பாருங்கள். “முதல்ல எங்க இருந்துச்சு? இப்ப எங்க இருக்கு?” என்றும் கேட்க வேண்டும். இதற்கே பதில் வராவிட்டால் முக்கியக் கேள்வியில் தவறியதற்கு அர்த்தமே இல்லை. ஒரே கேள்வியில் பாஸ், ஃபெயில் போடுவதைவிட, 2004-ல் வந்த ஐந்து படி முறை மேல். எனக்குப் பிடித்தது உனக்குப் பிடிக்காமல் இருக்கலாம் என்பதில் தொடங்கி, உள்ளே அழுகை, வெளியே சிரிப்பு என்பதைப் புரிந்துகொள்வது வரை போகும். காது கேட்காத பிள்ளைகளும் பெரும்பாலும் அதே வரிசையில்தான் ஏறுகிறார்கள், மெதுவாக. உங்கள் பையன் எந்தப் படியில் நிற்கிறான் என்று தெரிந்தால் அடுத்த படிக்கு வேலை செய்யலாம். கூடவே மொழித் தேர்வும், பேச்சுத் தேவைப்படாத அறிவுத்திறன் தேர்வும் எடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் மெஷின். வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு சத்தங்களைத் தினமும் காலையில் சொல்லிப் பாருங்கள். நேற்று வரை கேட்ட ஒன்று இன்று கேட்காவிட்டால், முதலில் பேட்டரியையும், தலையில் ஒட்டிக்கொள்ளும் வட்டமான காயிலையும் பாருங்கள். அப்புறமும் கேட்கவில்லை என்றால், மெஷினின் ஒலி அளவுகளைப் பிள்ளைக்கு ஏற்றபடி சரிசெய்யும் ‘மேப்பிங்’ பார்க்க, ஆடியாலஜிஸ்ட் என்ற செவித்திறன் நிபுணரிடம் போங்கள்.

ஆட்டிசம் இல்லவே இல்லை என்று கடிதத்தைப் படித்து நான் சொல்ல மாட்டேன். காது கேளாமையோடு அதுவும் சேர்ந்து வரலாம். ஆனால் மொழி இல்லாமலே தெரியும் சில விஷயங்கள் உண்டு. விமானத்தைக் காட்டி உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? வெறும் டம்ளரில் உங்களுக்கு டீ ஆற்றிக் கொடுக்கிறானா? நீங்கள் கை சுட்டுக்கொண்டால் கிட்டே வருகிறானா? இவை இருந்தால் எனக்குப் பாதிக் கவலை குறையும். இல்லாவிட்டாலோ, ஒரே செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்தாலோ, குழந்தை வளர்ச்சி நிபுணரிடம் உடனே காட்டுங்கள்.

வீட்டில் ‘இது என்ன? ஆப்பிள்’ பாடத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். பெயர்ச்சொல் சேர்ந்துவிட்டது. மறந்துட்டேன், ஏமாந்துட்டான், அவளுக்குத் தெரியாது, இதெல்லாம்தான் பாக்கி. அவன் காலி டப்பாவைத் திறந்து முகம் சுளிக்கும் அந்த நொடியில் சொல்லுங்கள்: “முறுக்கு இருக்கும்னு நெனச்ச, இல்ல!” கண்ணாமூச்சியில் நீங்களும் அவனும் சேர்ந்து ஒளிந்துகொண்டு, “அப்பாவுக்கு நாம எங்க இருக்கோம்னு தெரியாது” என்று காதோரம் சொல்லுங்கள். நம் ஊர்க் கதையே ஒன்று இருக்கிறது. தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு என்று அழகர் மலையிலிருந்து கிளம்பி வருகிறார். வைகைக்கு வந்து சேர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிடுகிறது. கிளம்பும்போது அழகர் என்ன நினைத்தார்? படம் வரைந்து கேளுங்கள், ஆனால் வீட்டில் வைத்து. திருவிழாவில் ஆற்றுக்குள் அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்காது. தண்ணீர் பீய்ச்சும் பக்கம் போனால் மெஷினைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள்.

சைகை தாராளமாகக் காட்டலாம், அது பேச்சைத் தடுக்காது. இன்னொன்று: நேரில் வரும்போது கடைசி மேப்பிங் ரிப்போர்ட், ஸ்பீச் தெரபி நோட்டு, முடிந்தால் மிஸ் பார்த்ததை அவர் கையாலேயே எழுதிய ஒரு பக்கம், இவற்றோடு தங்கச்சியையும் கூட்டி வாருங்கள். அவளோடு அவன் சண்டை போடுவதைப் பத்து நிமிஷம் பார்த்தால் எனக்கு நிறையத் தெரியும்.