விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு அலுவலகக் கணினிகளில் கணக்கு மென்பொருள் திறக்கவில்லை, எக்ஸெல் ஆட்-இன் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) காணவில்லை, பகிர்வு ஃபோல்டரும் வரவில்லை. அப்டேட்டை நீக்கிவிடலாமா?

நீக்கலாம். ஆனால் அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுகளும் ஒரே நாளில் தலைகாட்டியிருக்கலாம், காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. விண்டோஸ், ஆபிஸ், டிரைவர், ஆன்டிவைரஸ், பிரவுசர் எல்லாமே அலுவலகக் கணினியில் தனித்தனியாக அப்டேட் ஆகின்றன. விண்டோஸின் பாதுகாப்பு அப்டேட் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளிவருவதால், அந்த வாரம் எது கெட்டாலும் பழி அதன்மேல்தான் விழும்.

முதலில் என்ன மாறியது என்று பாருங்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அப்டேட் ஹிஸ்டரி. அதில் வந்த தேதியையும் கேபி எண்ணையும் (ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மைக்ரோசாஃப்ட் தரும் அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். டிரைவர் அப்டேட்டுகள் தனித் தலைப்பில் இருக்கும், அதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஆபிஸுக்கு ஃபைல் மெனுவில் அக்கவுண்ட் பக்கம். பிறகு, கெட்டுப்போன கணினி ஒன்றையும் அதே மாடலில் ஒழுங்காக ஓடும் கணினி ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நன்றாக ஓடுவதிலும் அதே கேபி எண் இருந்தால், அந்த அப்டேட் மட்டும் காரணம் இல்லை. இந்தப் பத்து நிமிட வேலை பல மணி நேர அலைச்சலை மிச்சப்படுத்தும்.

கணக்கு மென்பொருளுக்கு, கணினியில் நடந்த பிழைகளின் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவர்தான் துணை. மென்பொருளைத் திறந்து, அது மூடிக்கொண்ட நேரத்தை நிமிடக் கணக்கில் குறித்துக்கொண்டு, விண்டோஸ் லாக்ஸில் அப்ளிகேஷன் பகுதிக்குப் போங்கள். அந்த நிமிடத்தில் சிவப்புக் குறியோடு 1000 என்ற எண்ணுள்ள பதிவு இருக்கும். அதில் 'ஃபால்டிங் அப்ளிகேஷன்' என்ற வரி மென்பொருளின் பெயரைத்தான் சொல்லும், அது உங்களுக்கே தெரியும். அதை அடுத்து வரும் 'ஃபால்டிங் மாட்யூல்' என்பதைப் படியுங்கள். அங்கே பிரின்டர் டிரைவரின் ஃபைல் பெயர் இருந்தால், டீஃபால்ட் பிரின்டரை 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்' என்று மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். திறக்கும்போதே டீஃபால்ட் பிரின்டரைக் கூப்பிட்டு, அது சரியாகப் பதில் தராததால் விழுந்துவிடும் மென்பொருள்கள் உண்டு. ஆன்டிவைரஸின் ஃபைல் இருந்தால், பாதுகாப்புக் குழுவிடம் சொல்லி ஒரே ஒரு சோதனைக் கணினியில் விலக்கு கொடுத்துப் பாருங்கள். 'என்டிடிஎல்எல்' என்று இருந்தால் அதிகம் யோசிக்க வேண்டாம். அது விண்டோஸின் அடித்தள ஃபைல், தப்பு யார் செய்தாலும் விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

எண் 1026 என்றால், பல மென்பொருள்கள் ஓடத் தேவையான மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் தளம் சார்ந்த பிழை. 'சைட்-பை-சைட்' என்ற பெயரில் 33 வந்தால் விஷுவல் சி++ ரன்டைம் (மென்பொருள் ஓடத் தேவையான துணை ஃபைல்கள்) இல்லை அல்லது பதிப்பு பொருந்தவில்லை. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, விண்டோஸ் 64 பிட் என்பதால் 64 பிட் ரன்டைமை மட்டும் போடுவது. மென்பொருள் 32 பிட் என்றால் அதற்கு 32 பிட் ரன்டைம்தான் வேண்டும். இரண்டையும் போடுங்கள்.

லாக்கில் எதுவுமே இல்லையா? ஒருமுறை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால் அது அனுமதிச் சிக்கல். எல்லோருக்கும் அட்மின் உரிமை கொடுத்துவிடாதீர்கள், மென்பொருள் எழுத முயலும் அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் 'மாடிஃபை' அனுமதி கொடுத்தால் போதும்.

எக்ஸெலில் ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் போய், கீழே உள்ள பட்டியலில் 'டிஸேபிள்ட் ஐட்டம்ஸ்' தேர்ந்தெடுங்கள். ஒருமுறை கிராஷ் ஆன ஆட்-இன்னை எக்ஸெல் தானாகவே அங்கே தள்ளிவிடும். அங்கே இல்லையென்றால் விண்டோஸ் அமைப்புகளின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் அந்த ஆட்-இன்னின் 'லோட் பிஹேவியர்' மதிப்பைப் பாருங்கள். 3 இருக்க வேண்டிய இடத்தில் 2 இருந்தால், லோட் ஆகாமல் அணைக்கப்பட்டிருக்கிறது. 3 ஆக்கியும் திரும்ப 2 ஆகிவிட்டால், ஆபிஸ் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 2019 முதல் ஆபிஸ் இயல்பாக 64 பிட்டாகத்தான் நிறுவப்படுகிறது. 32 பிட்டுக்கென எழுதிய காம் வகை ஆட்-இன் அதில் ஏறவே ஏறாது, தயாரிப்பாளரிடம் 64 பிட் பதிப்பு கேட்க வேண்டியதுதான். எக்ஸெலை டேட்டாபேஸோடு இணைக்கும் ஓடிபிசி இணைப்புக்கும் இதே கதை. அதில் ஒரு குழப்பமும் உண்டு: 'சிஸ்டம்32' ஃபோல்டரில் இருப்பது 64 பிட் ஓடிபிசி நிர்வாகி, 32 பிட்டுக்கானது 'சிஸ்வாவ்64' ஃபோல்டரில். பெயர் வைத்தவரைத் திட்டிக்கொண்டே சரியானதைத் திறங்கள்.

பகிர்வு ஃபோல்டர் விஷயத்தில், கணினி விண்டோஸ் 11 24எச்2 பதிப்புக்கு மாறியிருந்தால் காரணத்தை ஏறக்குறைய ஊகித்துவிடலாம். அந்தப் பதிப்பிலிருந்து புரோ, என்டர்பிரைஸ் இரண்டிலும் எஸ்எம்பி சைனிங் (ஃபோல்டர் பகிர்வில் போகும் தகவலைக் கையொப்பத்தால் சரிபார்ப்பது) இயல்பாகவே கட்டாயம். பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் நுழைவையும் விண்டோஸ் ஏற்காது. நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமிக்கும் பழைய நாஸ் பெட்டிகள் இதில்தான் மாட்டுகின்றன. பெட்டியின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, சைனிங்கை ஆன் செய்து, பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்குங்கள். கணினிப் பக்கம் சைனிங்கை அணைத்தாலும் ஃபோல்டர் வரும். ஆனால் ஒரு பழைய பெட்டிக்காக எல்லாக் கணினிகளின் கதவையும் திறந்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் அப்டேட்டை நீக்குங்கள். அதற்கு முன் மைக்ரோசாஃப்ட்டின் 'ரிலீஸ் ஹெல்த்' பக்கத்தில் உங்கள் சிக்கல் பட்டியலிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பு சாராத பிழைகளுக்கு 'நோன் இஷ்யூ ரோல்பேக்' (பிழை தந்த மாற்றத்தை மட்டும் திரும்பப் பெறுவது) வெளியிடுவார்கள். வீட்டுக் கணினிக்கு அது தானாக வந்துவிடும், ஐடி துறை நிர்வகிக்கும் கணினிக்கு குரூப் பாலிசி (பல கணினிகளின் அமைப்புகளை ஒரே இடத்திலிருந்து மாற்றும் வசதி) வழியாக நீங்கள்தான் போட வேண்டும். போட்டபின் ரீஸ்டார்ட் அவசியம்.

அப்டேட்டை நீக்கும்போது அதற்கான 'வூசா' கட்டளை மறுத்தால் பயப்பட வேண்டாம். மாதாந்திர அப்டேட்டுடன் சர்வீசிங் ஸ்டாக்கும் (அப்டேட்டுகளை நிறுவும் பகுதி) ஒரே பொட்டலமாக வருகிறது, சர்வீசிங் ஸ்டாக்கை நீக்க முடியாது. விண்டோஸ் பொட்டலங்களைக் கையாளும் 'டிஸ்ம்' கட்டளையில் 'ரிமூவ்-பேக்கேஜ்' கொடுத்து மாதாந்திர அப்டேட்டை மட்டும் எடுக்கலாம். எடுத்த கையோடு அப்டேட்டை நிறுத்தி வைக்காவிட்டால் அது திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். 24எச்2 போன்ற பெரிய பதிப்பு மாற்றத்திலிருந்து திரும்ப இயல்பாக 10 நாள்தான் அவகாசம். அது முடிவதற்குள் டிஸ்ம் மூலம் 60 நாள்வரை நீட்டலாம், டிஸ்க் கிளீனப் ஓட்டி பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்துவிட்டால் அந்த வழியும் அடைபடும். எதைத் தொடுவதற்கு முன்பும் பிட்லாக்கர் ரெகவரி கீ (பூட்டிக்கொண்ட டிஸ்க்கைத் திறக்கும் எண்) கையில் இருக்கட்டும்.

அடுத்த மாதத்துக்கு, மாதாந்திர அப்டேட்டை 30 நாள்வரை தள்ளிப்போடும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் ஓரிரு கணினிகளுக்கு முதலில் விடுங்கள், மற்றவற்றுக்கு ஒரு வாரம் கழித்து. சோதனைக்கு ஐடி ஆட்களின் கணினிகளை மட்டும் எடுக்காதீர்கள், அவற்றில் கணக்கு மென்பொருளே இருக்காது. கணக்குப் பிரிவுக் கணினியிலும் மென்பொருள் திறக்கிறதா என்று பார்த்ததோடு விடாமல், மாத இறுதி அறிக்கை ஒன்றை உண்மையான பிரின்டரில் அச்சிட்டு, எக்ஸெலுக்கும் ஒருமுறை ஏற்றுமதி செய்து பாருங்கள்.