ஸ்டீவ் ஸ்பரியர்: வீரர், பயிற்சியாளர் – கேள்வி பதில்

பந்தைக் கையில் எடுத்து ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் வீரர், பயிற்சியாளர் என்று இரண்டு தகுதியிலும் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் பட்டியலில் சேர்க்கப்பட்ட நாலாவது ஆள் ஸ்டீவ் ஸ்பரியர். வீரராக 1986-ல், பயிற்சியாளராக 2017-ல். அவரைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, முதலில் பேர் வாங்கியது ஆடியா, கோச்சாகவா?

ஆடித்தான். 1964 முதல் 66 வரை ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். 1966 அக்டோபரில் கெய்ன்ஸ்வில்லில் ஆபர்னுடன் ஆட்டம், 27-27 என்று சமம். முடிய இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். நாலாவது டவுன், அதாவது கடைசி முயற்சி. பந்தை 40 கெஜம் தள்ளிக் கம்பத்துக்குள் உதைத்தால் மூன்று புள்ளி. வழக்கமாக உதைக்கும் பையன் இருக்கும்போதே, நானே உதைக்கிறேன் என்று ஸ்பரியர் முன்வந்தார். கோச் ரே கிரேவ்ஸ் விட்டுவிட்டார். பந்து கம்பத்தின் குறுக்குச் சட்டத்தைத் தாண்டியது, 30-27. ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை அந்த முறை அவருக்கே.

இதற்கு மேலும் ஒன்று. கோப்பையை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, பல்கலைக்கழகத் தலைவரிடம் கொடுத்துவிட்டார். மாணவர்கள் பணம் திரட்டி அவருக்கு இன்னொன்று செய்து கொடுத்தார்கள். வீரருக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று என்று இரண்டு கோப்பை தரும் வழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

கேள்வி: அப்படியானால் என்எஃப்எல்-லில் கொடிகட்டிப் பறந்திருப்பாரே?

இல்லை. என்எஃப்எல் என்பது தொழில்முறை லீக். அதன் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 1967 டிராஃப்டில் மூன்றாவது ஆளாக சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்தது. அங்கிருந்த குவாட்டர்பேக் ஜான் பிராடிக்குப் பின்னால் பெஞ்சில்தான் பெரும்பாலான ஆண்டுகள் போயின. பந்தை உதைத்து அனுப்பும் பன்டர் வேலையும் பார்த்தார். கடைசி ஆண்டு 1976, புது அணியான டாம்பா பே. 14 ஆட்டம், 14 தோல்வி.

கேள்வி: கோச்சாக அப்படி என்ன புதுசாகச் செய்தார்?

இதைத்தான் கேட்க வேண்டும். 1990-ல் அவர் ஃப்ளோரிடாவுக்குத் திரும்பியபோது ஃப்ளோரிடா ஆடும் கல்லூரி லீக்கான எஸ்இசி-யின் அணிகளுக்கு ஓட்டம்தான் வேதம். பந்தைக் கையில் கொடு, இடித்துக்கொண்டு போ, டிஃபென்ஸை நம்பு. எறிவது கடைசி வழி. ஸ்பரியர் முதல் டவுனிலேயே எறிந்தார், முன்னிலையில் இருக்கும்போதும் எறிந்தார்.

வெறும் துணிச்சல் என்று நினைக்காதீர்கள். பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஓட வேண்டிய பாதையை முன்கூட்டியே முழுதாகப் பூட்டிவைக்கவில்லை. எதிரணியின் பின்வரிசை எப்படி நிற்கிறது என்று ரிசீவர் ஓடிக்கொண்டே பார்க்க வேண்டும். குவாட்டர்பேக்கும் அதையே பார்க்க வேண்டும். இருவரும் ஒரே முடிவுக்கு வந்தால், ரிசீவர் திரும்பும் முன்பே பந்து கையைவிட்டுக் கிளம்பியிருக்கும். ஒருவர் பிசகினாலும் இன்டர்செப்ஷன், பந்து எதிரணி கையில். அதனால்தான் குவாட்டர்பேக்குகளை அவ்வளவு கடுமையாக வறுத்தெடுத்தார், ஆட்டத்தின் நடுவிலேயே மாற்றினார்.

பலன்? ஃப்ளோரிடாவின் கணக்கில் நிற்கும் முதல் எஸ்இசி பட்டம் 1991-ல் வந்தது. 1984-ல் வென்றதைப் பறித்துவிட்டார்கள். பிறகு 93 முதல் 96 வரை வரிசையாக நாலு, 2000-ல் ஒன்று. 12 பருவத்தில் 122 வெற்றி, 27 தோல்வி, ஒரு சமன். அதற்கு முன்பே, கூடைப்பந்துக்குப் பேர்போன டியூக் பல்கலைக்கழகத்தில் 1989-ல் இன்னொரு கல்லூரி லீக்கான ஏசிசி-யின் பட்டத்தைப் பகிர்ந்து வாங்கிக் கொடுத்தவர். டியூக் அதற்கு முன் அதை வென்றது 1962-ல்.

கேள்வி: வாஷிங்டனில் ஏன் தோற்றார் சார்?

என்எஃப்எல் அணியான வாஷிங்டனுக்குக் கோச்சாக 2002-ல் 7 வெற்றி, 9 தோல்வி. 2003-ல் 5 வெற்றி, 11 தோல்வி. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இரண்டோடு விலகினார். மைதானத்தில் தெரிந்த காரணத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் பந்து இந்த இரண்டு ஹாஷ் கோடுகளுக்குள் இருந்துதான் கிளம்பும்; கல்லூரி மைதானத்தில் அவற்றுக்கு இடையே 40 அடி. என்எஃப்எல்-லில் 18 அடி ஆறு அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு ஹாஷ் கோட்டில் இருந்தால் மறுபக்கம் பரந்த வெளி கிடைக்கும், டிஃபென்ஸ் அதைக் காக்கத் திணறும். என்எஃப்எல்-லில் அந்த வெளி இல்லை. பாய்ந்து வரும் லைன்மேன்களும் வேகமானவர்கள். ரிசீவர் எதிரணியைப் படித்து முடிக்குமுன் குவாட்டர்பேக் தரையில் கிடப்பார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: கல்லூரிக் கணக்கையும் என்எஃப்எல் கணக்கையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கேள்வி: என்எஃப்எல்-லில் தோற்றவரை எப்படிப் பெரிய கோச் என்கிறீர்கள்?

மேலே சொன்னதுதான். ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கேள்வி: 1996 தேசியப் பட்டம் அதிர்ஷ்டத்தில் வந்தது, ஒப்புக்கொள்ளுங்கள்.

வாய்ப்பு கிடைத்ததில் அதிர்ஷ்டம் உண்டு. அப்போது ப்ளே-ஆஃப் என்ற இறுதிச் சுற்று கிடையாது, ஓட்டெடுப்பில்தான் பட்டம். நவம்பர் 30 அன்று ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 24-21 என்று தோற்றார்கள். டிசம்பர் 7-ல் டெக்சாஸ் யாரும் எதிர்பாராமல் நெப்ராஸ்காவை 37-27 என்று வீழ்த்தியதால்தான் பருவம் முடிந்து ஆடும் சுகர் பௌலில் அதே ஃப்ளோரிடா ஸ்டேட்டுடன் மோதும் இடம் கிடைத்தது. ஜனவரி 1-ல் அரிசோனா ஸ்டேட்டும் தோற்க, மறுநாள் ஆட்டமே பட்டத்துக்கான ஆட்டமாகிவிட்டது.

ஆனால் அதில் 52-20 என்று வென்றது? அது உழைப்பு. நவம்பர் ஆட்டத்தில் குவாட்டர்பேக் டேனி வெர்ஃபல் அடிமேல் அடி வாங்கினார். விசிலுக்குப் பிறகும் அடித்தார்கள் என்று ஸ்பரியர் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அதோடு நிற்கவில்லை. பந்தைப் பின்னால் தரும் சென்டரை ஒட்டி நின்ற வெர்ஃபலை, ஷாட்கன் என்ற அமைப்பில் சில கெஜம் பின்னுக்கு நகர்த்தினார். எறியக் கூடுதலாக ஒரு நொடி கிடைத்தது. ஆட்டம் முழுவதும் எறிந்து 306 கெஜம், எல்லைக்குள் பிடிக்கப்பட்ட டச்டவுன் பாஸ் மூன்று. இன்னொரு டச்டவுன் அவரே ஓடி எடுத்தது.

கேள்வி (அதே நண்பர்): ஏற்கெனவே ஜெயித்த அணி இன்னொரு தடவை ஜெயித்துக் காட்ட வேண்டுமா? எந்த ஊர் நியாயம்?

ஃப்ளோரிடா ஸ்டேட் ரசிகர் என்று தெரிகிறது. 1993-ல் உங்கள் அணி நோட்ர டேமிடம் 31-24 என்று தோற்றது. பருவ முடிவில் இரண்டு அணிக்கும் ஒரே ஒரு தோல்வி. பட்டம் உங்களுக்குத்தான் போனது. அதைத் திருப்பிக் கொடுத்தீர்களா?

கேள்வி (வேறொருவர்): அது ஓட்டெடுப்பு, இது நேரடி ஆட்டம். இரண்டும் ஒன்றா?

இதற்கும் ஓட்டெடுப்புதான் முடிவு. சுகர் பௌலுக்குப் பிறகு வாக்காளர்கள் ஃப்ளோரிடாவை முதலிடத்தில் வைத்தார்கள். அன்றைய முறையே கோளாறானது, அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் கோளாறான முறையில் எல்லாரும்தான் ஆடினார்கள். 32 புள்ளி வித்தியாசத்துக்கு முறையைக் குற்றம் சொல்ல முடியாது.

கேள்வி: அவருடைய நக்கல் வசனங்களைத் தொகுத்துத் தாருங்களேன்.

மாட்டேன். அவர் பேரில் உலவுவதில் பாதிக்கு ஆதாரம் கிடையாது. வீடியோவில் அவர் வாயால் கேட்காத எதையும் பகிராதீர்கள்.

கேள்வி: இது நம்ம கால்பந்துதானே?

இல்லை. விதிகளைப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம்.

கேள்வி: சவுத் கரோலைனாவில் என்ன செய்தார்?

ஃப்ளோரிடாவைவிட இதைத்தான் நான் உயர்வாக வைப்பேன். பட்டமே பார்த்துப் பழகாத கல்லூரி அது. 2005-ல் போனார். 2010-ல் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 35-21 என்று வென்று, எஸ்இசி-யின் கிழக்குப் பிரிவையும் எடுத்தார். 2011, 12, 13 மூன்று ஆண்டும் 11 வெற்றி. அதற்கு முன் ஒரு பருவத்தில்கூட அந்தக் கல்லூரி 11-ஐத் தொட்டதில்லை. அங்கே மொத்தம் 86 வெற்றி, இதுவும் கல்லூரியின் சாதனை.

2015 பருவத்தின் நடுவில் விலகியது எனக்குப் பிடிக்கவில்லை. சேர்த்துக்கொண்டு வந்த பையன்களுக்கு டிசம்பர் வரை இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: வாஷிங்டன் தோல்வி பற்றிச் சொல்லவே இல்லையே?

மேலே இருக்கிறது. படியுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு ஆட்டம் பார்க்கச் சொன்னால்?

ஒன்று போதாது, ஜோடியாகப் பாருங்கள். 1996 நவம்பர் 30 ஆட்டத்தில் வெர்ஃபல் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். பிறகு சுகர் பௌல்.