இரண்டாவது பிரசவத்துக்கு முன் இரண்டு மாதம் மகளோடு இருக்க ஆசை. கட்டுப்படியாகுமா?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். கைக்கு 42,000 ரூபாய் வருகிறது. கணவருக்கு 45,000. இரண்டாவது பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. மூத்தவளுக்கு நாலரை வயது. தினமும் ராத்திரி என் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பாப்பா வந்தா என்னைத் தூக்குவியா?" என்கிறாள். சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இப்போதே இரண்டு மாதம் லீவு போட்டு அவளோடு இருக்கலாம் என்று நினைக்கிறேன். மகப்பேறு விடுப்பு முழுவதையும் குழந்தைக்காக வைத்துக்கொள்ளலாம் அல்லவா? "செலவு வரும் நேரத்தில் வருமானத்தை விடுவதா?" என்கிறார் கணவர். வீட்டுக்கடன் தவணை 22,000, வீட்டுச் செலவு 28,000, மகளின் பள்ளிக்கு 4,500. மியூச்சுவல் பண்டில் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி. 8,000, மகள் பெயரில் செல்வமகள் சேமிப்பு 3,000, நகைச் சீட்டு 5,000 போகிறது. எப்.டி.யில் இரண்டரை லட்சம் இருக்கிறது. சம்பளத்தோடு எடுக்கக்கூடிய ஈட்டிய விடுப்பு 25 நாள் பாக்கி. வாரத்தில் ஐந்து நாள் வேலை.

பதில்: இருங்கள் அம்மா, தாராளமாக இருங்கள். உங்கள் மகள் ஒற்றைப் பிள்ளையாக உங்கள் மடியில் உட்காரப்போவது இந்தப் பத்து வாரம்தான். ஆனால் அதற்கு இரண்டு மாதச் சம்பளமான 84,000 ரூபாயை விட வேண்டிய அவசியமில்லை. தேதிகளைக் கொஞ்சம் மாற்றிப் போட்டாலே போதும்.

2017-இல் வந்த திருத்தத்திலிருந்து, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். பலர் இதைக் கவனிப்பதில்லை. எட்டையும் முன்னாலேயே எடுத்துவிட்டால் பிறகு 18 வாரம்தான் மிஞ்சும். பச்சைக் குழந்தைக்கு அது போதாது. அதனால் நான் சொல்வது நடுவழி. இன்னும் இரண்டு வாரம் வேலைக்குப் போய்ப் பொறுப்புகளை ஒப்படையுங்கள். அடுத்த நான்கு வாரத்துக்கு ஈட்டிய விடுப்பில் 20 நாள். அதன்பின் மகப்பேறு விடுப்பைத் தொடங்குங்கள்; பிரசவத்துக்கு முன் நான்கு வாரம், பின் 22 வாரம். எட்டு வாரம் மகளோடு இருப்பீர்கள், ஒரு ரூபாய் சம்பளமும் போகாது. பாக்கி ஐந்து நாள் ஈட்டிய விடுப்பைத் தொடாதீர்கள். வேலைக்குத் திரும்பியபின் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் நாளுக்கு அது வேண்டும்.

22 வாரம் முடிந்ததும் ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பாருங்கள். குழந்தைக்கு ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் கொடுத்துவிடலாம். அந்த மாதம் வருவது கணவரின் 45,000 மட்டும்தான்; தவணை, வீடு, பள்ளி சேர்ந்து செலவு 54,500. எஸ்.ஐ.பி.யை ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள். பெரும்பாலான பண்டுகளில் அந்த வசதி உண்டு. செல்வமகளில் வருடத்துக்கு 250 ரூபாய் கட்டியிருந்தாலே கணக்கு உயிரோடு இருக்கும். சீட்டை மட்டும் விடாதீர்கள், விட்டால் கடைசியில் கிடைக்கும் சலுகை போய்விடும். சீட்டின் 5,000-ஐயும் சேர்த்தால் அப்போது துண்டு விழுவது 14,500 ரூபாய். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி கணவரிடம் காட்டுங்கள். அவர் பயப்படுவது நியாயம், ஆனால் பயப்படும் தொகை இதைவிடப் பெரியது.

பிரசவச் செலவையும் இப்போதே ஒதுக்கிவிடலாம். மூத்தவள் சிசேரியன் என்றால் அதற்கே தயாராக இருங்கள். இப்போது புதிதாகத் தனிப் பாலிசி எடுத்தால் காத்திருப்புக் காலம் காரணமாக இந்தப் பிரசவத்துக்குப் பணம் கிடைக்காது. கம்பெனி குரூப் இன்சூரன்ஸில் பிரசவத்துக்கு எவ்வளவு வரம்பு என்று கேளுங்கள். ஆஸ்பத்திரி சொல்லும் தொகையில் அதைக் கழித்து, மீதியை எப்.டி.யிலிருந்து தனியே எடுத்து வையுங்கள். மூன்று மாதச் செலவுக்கான 1,63,500 ரூபாய் எப்.டி.யிலேயே இருக்கட்டும். குழந்தை பிறந்த வாரமே பாலிசியில் அதன் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். இதற்குக் கெடு உண்டு, பிரசவக் களைப்பில் பலர் தவறவிடுவார்கள்.

பிறக்கப்போகும் பிள்ளையின் பெயரில் பாலிசி எடுக்கச் சொல்லி யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்த வீட்டில் காப்பீடு வேண்டியது சம்பாதிக்கும் உங்கள் இருவருக்கும். வீட்டுக்கடன் வேறு இருக்கிறது. கணவர் இந்த மாதமே டேர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு, எடுக்கட்டும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பல நிறுவனங்கள் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடும் என்பதால் நீங்கள் பிரசவத்துக்குப் பிறகு எடுக்கலாம். பிறப்பது பெண்ணானால் இன்னொரு செல்வமகள் கணக்கு தொடங்கலாம். பத்து வயதுவரை அவகாசம் இருக்கிறது, அவசரமே இல்லை.

பணக் கணக்கைவிட எனக்குக் கவலை வேறொன்றில். லீவு போட்ட பெண்களின் நாட்கள் எங்கே போகும் என்று பார்த்திருக்கிறேன். "வீட்டில்தானே இருக்கே" என்று துணி துவைப்பதும் சமையலும் விருந்தாளியும் வந்து சேரும், சாயங்காலம் பிள்ளை டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். முதல் பிரசவம் தாய்வீட்டில் நடந்திருக்கும். இரண்டாவதுக்குப் புகுந்த வீட்டிலேயே இருக்கும் வழக்கமுள்ள குடும்பம் என்றால் வேலை இன்னும் கூடும். சேமிப்பு போக மாதம் உங்களுக்கு 16,500 மிஞ்சுகிறது. அதிலிருந்து ஒரு ஆறாயிரத்தை, பாத்திரம் துலக்க, துணி துவைக்க, மதியச் சமையலுக்கு உதவ வரும் அக்காவுக்குக் கொடுங்கள். இது ஆடம்பரம் இல்லை. மகளோடு இருக்கத்தான் லீவு, அந்த நேரத்தைக் காப்பாற்றும் செலவு இது.

ஊட்டி ரிசார்ட் எல்லாம் இந்த மாதங்களில் வேண்டாம். என் மூத்தவனோடு நான் கழித்த கடைசி வாரங்களில், வறுத்த கடலையை முறத்தில் கொட்டி, வாசல்படியில் உட்கார்ந்து இருவரும் உரிப்போம். அவன் ஒரு பருப்பை எனக்கும் ஒன்றை என் வயிற்றுக்கும் நீட்டுவான். அதற்கு ஆன செலவு கால் கிலோ கடலை.

திங்கட்கிழமையே ஹெச்.ஆருக்கு மெயில் அனுப்புங்கள். ஈட்டிய விடுப்பு எந்தத் தேதி முதல், மகப்பேறு விடுப்பு எந்தத் தேதி முதல் என்று எழுதி, டாக்டர் சான்றிதழை இணைத்து, எழுத்திலேயே பதில் கேளுங்கள். ஈட்டிய விடுப்பை ஒட்டி மகப்பேறு விடுப்பு எடுக்கலாமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிரசவம் முந்திவிட்டாலும் கவலை வேண்டாம். அன்றிலிருந்தே மகப்பேறு விடுப்பு தொடங்கும், எடுக்காத ஈட்டிய விடுப்பு உங்கள் கணக்கிலேயே இருக்கும்.