ஒன்வேயில் எதிரே வந்த சைக்கிளை கார் இடித்தால் இழப்பீடு கிடைக்குமா?

வேளச்சேரியில் உங்கள் அப்பா ஒன்வேயில் எதிர்த்திசையில் சைக்கிள் ஓட்டி வந்தார், கார் இடித்து கால் முறிந்தது, 'தப்பு உங்க மேலதான்' என்கிறார் கார்க்காரர். சரி, தப்பு இருக்கலாம். அதனால் இழப்பீடே கிடையாது என்று அர்த்தமில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 166-ஆம் பிரிவில் மனு போட்டால், மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருவரின் கவனக்குறைவையும் எடை போடும். அப்பாவின் பங்கு 30 சதவீதம் என்று முடிவானால் தொகையில் அவ்வளவு குறையும், மீதி கிடைக்கும். காரின் மூன்றாம் நபர் காப்பீட்டு நிறுவனம்தான் பொதுவாகப் பணம் தரும்.

யார் தப்பு என்ற பேச்சே வேண்டாம் என்றால் 164-ஆம் பிரிவு இருக்கிறது: கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், உயிரிழப்புக்கு 5 லட்சம். எலும்பு முறிவு கொடுங்காயம்தான். ஆனால் இரண்டு பிரிவிலும் சேர்த்து வாங்க முடியாது. சிகிச்சைச் செலவும் வருமான இழப்பும் பெரிதாக இருந்தால் 166-தான் லாபம் என்பேன்.

மனு போட ஆறு மாதக் கெடு உண்டு. சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இந்த வழக்குகள் நடக்கின்றன. போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவில் எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; புகார் கொடுத்ததற்குத் தரும் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடாதீர்கள். மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியும் வாங்கிக்கொள்ளுங்கள். நம்ம ஊர் வழக்கப்படி ரோட்டிலேயே ஐயாயிரத்தை வாங்கிக்கொண்டு 'புகார் இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தால் வழக்கு சிக்கலாகும்.

அப்புறம், கார் சேதத்துக்குக் கார்க்காரர் உங்களிடம் பணம் கேட்டால் இந்தத் தீர்ப்பாயத்துக்கு வர முடியாது, சைக்கிள் மோட்டார் வாகனமல்ல. தனியாக சிவில் வழக்குதான் போட வேண்டும்.