ஃபுல்லர்ட்டன் கட்டடம்: கேளுங்க, சொல்றேன்

(சிங்கப்பூர் நகர மையத்தில் மரபுடைமை நடை கூட்டிப்போகிற நம் உறுப்பினர் ஒருவர், வந்த கேள்விகளுக்கு எழுதிய பதில்கள்.)

அண்ணே, ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் முழுசுமே தபால் ஆபிஸாகத்தான் இருந்ததா?

இல்லை தம்பி. 1928-இல் திறந்தபோது தலைமைத் தபால் நிலையம் கீழே, வெள்ளைக்காரர்களின் சிங்கப்பூர் கிளப் மேலே, நடுவில் வர்த்தகச் சபை, அரசாங்க அலுவலகங்கள் என்று ஏகப்பட்ட குடித்தனம். கடல் அப்போது பக்கத்திலேயே இருந்ததால் தபால் மூட்டைகளைச் சுரங்கப்பாதை வழியாகவே படகுத்துறைக்குக் கொண்டுபோனார்கள். 1942-இல் சண்டை முற்றியபோது உள்ளே ஆஸ்பத்திரி, 1958-இல் கூரைமேல் கலங்கரை விளக்கு, அப்புறம் பல வருஷம் வருமான வரி ஆபிஸ். வாசல் சதுக்கத்தில் மதிய நேரத் தேர்தல் கூட்டங்கள் வேறு. ஹோட்டலானது 2001-இல்.

தேசிய நினைவுச்சின்னம் ஆனபிறகும் எப்படி ஹோட்டலாக இருக்க விடுகிறார்கள்?

வரிசை தலைகீழ். ஹோட்டல் முதலில் வந்தது, நினைவுச்சின்னத் தகுதி 2015 டிசம்பரில்தான், 71-ஆவதாக. சட்டம் காப்பது கட்டடத்தை: தூண்கள், முகப்பு, கிளப் இருந்த கூடத்தின் வளைந்த மேற்கூரை. உள்ளே யார் என்ன தொழில் செய்யலாம் என்பது தனி அனுமதி. எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஆனால் இவ்வளவு பெரிய கட்டடத்தைப் பராமரிக்க யாராவது காசு போட வேண்டுமே!

எங்களை மாதிரி ஆட்கள் உள்ளே போக முடியாதே?

யார் சொன்னது அக்கா? முன்கூடத்துக்குள் தாராளமாக நடக்கலாம், பழைய சிவப்புத் தபால் பெட்டிகளைப் பார்க்கலாம். காப்பி விலையை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். என்னைக் கேட்டால் கொடுத்துவைத்த கட்டடம் லாவ் பா சாட். 1894-இல் எழுந்த இரும்புச் சந்தை, முதன்முதலாக 1973-இல் அறிவித்த எட்டு சின்னங்களில் ஒன்று. 1986-இல் எம்ஆர்டி ரயில் சுரங்கம் தோண்டக் கழற்றி எடுத்து, பிறகு திரும்பப் பூட்டினார்கள். இன்றைக்கும் நாம் அங்கே போய் சாத்தே தின்கிறோம். ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் இருந்த பழைய தேசிய நூலகத்துக்கு அந்த யோகம் இல்லை, ஜனங்கள் அவ்வளவு கேட்டும் 2004-இல் மூடி, சாலைச் சுரங்கத்துக்காக இடித்துவிட்டார்கள்.

சிராங்கூன் ரோடு பக்கம் மாமாவின் கடைவீடு இருக்கிறது. சன்னலை அலுமினியமாக மாற்றலாமா?

மாற்றுவதற்கு முன்னால் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் கேட்கச் சொல்லுங்கள், கான்ட்ராக்டர் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். சிராங்கூன் ரோடு இருக்கிற லிட்டில் இந்தியா 1989-இல் பழைய கட்டடங்களைக் காக்கும் பாதுகாப்பு வட்டாரமானது. அதுபோன்ற வட்டாரங்களில் முகப்பு மட்டுமல்ல, ஓட்டுக்கூரை, கடை வாசலில் கூரைக்குக் கீழே போகும் ஐந்தடிப் பாதை, வெளிச்சமும் காற்றும் வர உள்ளே திறந்துவிட்ட காற்று வெளி, மரப்படிக்கட்டு எல்லாமே கணக்கில் வரும். மளிகைக் கடையைச் சாப்பாட்டுக் கடையாக மாற்றவும் அனுமதி வேண்டும். முடிந்தவரை பழையதை வைத்துக்கொள், கெட்டதைப் பழுதுபார், இல்லாததை அதே பாணியில் மீட்டுக்கொடு, அவ்வளவுதான் அவர்கள் கேட்பது. செலவு கூடும், சரி, அது மாமா பாடு.

நம்மவர்கள் கட்டியதில் இப்படி மாறியது ஏதாவது?

தெலுக் ஆயர் ஸ்ட்ரீட் நாகூர் தர்கா. தென்னிந்திய முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையே கட்டியது. 1974-இல் சின்னமானது, 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பாருங்கள், தியான் ஹோக் கெங் சீனக் கோயிலிலிருந்து நாலு எட்டு.